புளி போட்டு மினுக்கிய விளக்கு

மகன்,

சனிக்கிழமை நீ ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு நாலு மாடி ஏறி வந்தாய். சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்குகிற விளக்கைக் கழற்றிக்கொண்டு போய் ஒரேத்தோப் பக்கம் நீ வாடகைக்கு எடுத்திருக்கிற வீட்டில் மாட்டப் போவதாகச் சொன்னாய். "அம்மா, கலியாணத்துக்கு எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம், இதை மட்டும் தாங்கோ" என்றாய். நான் உன்மேல் பாய்ந்து விழுந்தேன். "எல்லாத்தையும் பிடுங்கிக்கொண்டு போ, அம்மா வெறுஞ் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்" என்று கத்தினேன். ஏணியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாய். கீழே போர்கோ வெக்கியோச் சந்தையில் மீன்காரன் உன்னைப் பார்த்து ஏதோ பகிடி விட்டது எனக்குக் கேட்டது. நீ சிரித்த சத்தம் கேட்கவில்லை. மகன், அது பொய்க் கோபம். விளக்கு உன்னிடம் போவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அது எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தது என்று தெரியாமல், நீயும் ஜெனிற்றாவும் அதற்குக் கீழே இருந்து சோறு தின்னப் போகிறீர்களே என்பதுதான் என்னைப் பிடித்து உலுப்பியது. நீ பத்து வருடம் தெரியாமல் தின்றுவிட்டாய். அது என் பிழை.

நேரில் சொல்லலாம்தான். முயன்று பார்த்தேன், வாயைத் திறந்தால் பழைய பொய்தான் முதலில் வருகிறது. எழுதினால் பொய்யை வெட்டிவிட்டுத் திரும்ப எழுதலாம். நீ பதினேழு வயதுவரை மன்னாரில் படித்தவன், என் கோழிக் கிறுக்கலை எப்படியும் வாசித்துவிடுவாய். ஜெனிற்றா இங்கே இத்தாலியில் பிறந்த பிள்ளை, தமிழ் கதைப்பாள், வாசிக்க வராது. அவளுக்கு வாசித்துக் காட்டுவதும் விடுவதும் உன் விருப்பம். என்னைக் கேட்டால் வாசித்துக் காட்டு. ஆனால் பாதியில் நிறுத்தாதே. பாதியில் நிறுத்தினால் அம்மா பாவம் என்று தோன்றும், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

பொலித்தேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் இருந்த பெரிய வீட்டில் நான் வேலை செய்தது உனக்குத் தெரியும். வீட்டுக்காரரை எல்லோரும் ஆர்க்கித்தேத்தோ என்றுதான் கூப்பிடுவார்கள், கட்டடக் கலைஞர் என்று மரியாதையாக. இளம் வயதில் மிலானுக்குப் போய்க் கதிரை, மேசை, விளக்கு என்று வரைந்து பெயர் எடுத்தவர். நீ போனில் தேடிப் பிடித்த படத்தில் சுருட்டும் கையுமாக நிற்கிற ஒல்லி மனிதர் அவர்தான். நான் போய்ச் சேர்ந்தபோது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. கால் வராது, பேச்சுக் குழறும். மனைவி செத்துப்போனா. ஒரே மகள் மிலானில், அவளைத்தான் நான் சினியோரா என்பேன். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே இந்த விளக்குத் தொங்கியது. கடைகளில் விற்றவை பிறகு வந்தவை, இது அவர் தன் கையால் செய்து பார்த்த முதலாவது விளக்கு. கவிழ்த்த சட்டி மாதிரிப் பித்தளைக் குடை. இழுத்தால் தாழும், தள்ளினால் உயரும், மேலே கப்பியில் ஈயக் குண்டு. இதெல்லாம் உனக்குத் தெரியும், நீதானே வயர் மாற்றினாய். உனக்குத் தெரியாதது, அப்போது அது மஞ்சள் இல்லை. உள்ளும் புறமும் கறுப்பு. தண்ணீர் படக்கூடாது என்று சினியோரா முதல் நாளே சொன்னாள். கரண்டுக்குப் பயந்து சொல்கிறாள் என்று நான் விளங்கிக்கொண்டேன். கறுப்பை, வருடக்கணக்காகக் கழுவாமல் விட்ட ஊத்தை என்று நினைத்தேன்.

ஆறு வருடம் நான் தனியாகத்தான் அந்த வீட்டைப் பார்த்தேன். ஏழாம் வருடம் கிழவருக்கு எழும்பி நடக்கவே முடியாமல் போனதும், பின்னேரங்களுக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று சினியோரா கேட்டாள். நான்தான் சுகந்தியைக் கொண்டுபோய் விட்டேன். ஓம், உன் சுகந்தி அன்ரிதான். வன்னியில் புருசனைப் பறிகொடுத்து, மகள் நிரோஜாவைத் தமையனிடம் விட்டுவிட்டு வந்தவள். பல்லரோச் சந்தையில் மரக்கறிக் கடையில் என்னைத் தமிழில் விசாரித்துத்தான் பழக்கம். உனக்கும் நிரோஜாவுக்கும் அப்போது பதினேழு வயது. பிள்ளையை இத்தாலிக்குக் கூப்பிட வேண்டுமானால், அதற்குப் பதினெட்டு ஆகமுதல் மனுக் கொடுக்க வேண்டும், மனுக் கொடுக்கத் தாய்க்கு ஒழுங்கான வேலை ஒப்பந்தம் வேண்டும். எனக்கு ஒப்பந்தம் இருந்தது, உன் மனு உள்ளே போய்விட்டது. சுகந்திக்குத் தை மாதம் வந்து கையெழுத்துப் போடுவதாகச் சினியோரா சொல்லியிருந்தாள். நிரோஜாவுக்குச் சித்திரையில் பதினெட்டு. குசினியில் அடுப்புக்கு மேலே தொங்கிய கலண்டரில் நாங்கள் இரண்டு பேரும் நாட்களை வெட்டிக்கொண்டு வந்தோம். "அக்கா, உங்கடை பெடியனும் என்ரை பெட்டையும் ஒரே பிளேனிலை வந்து இறங்கப்போகினம், பாருங்கோ" என்பாள். நான் சிரிப்பேன். அவள் கலகலவென்று கதைக்கிற ஆள் அப்போது. நீ கண்டது அந்தச் சுகந்தியை இல்லை.

அந்த மார்கழியில் உன் மனுவைப் பற்றி ஒரு சத்தமும் இல்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. ஊரில் யேசு பிறந்த நத்தாருக்கு முதல் கோயில் பித்தளை விளக்குத் தண்டுகளைப் பெண்கள் நேர்த்திக்கு மினுக்குவோமே, உனக்கு ஞாபகம் இருக்கும், நீ சாம்பல் வாளியோடு என் பின்னால் திரிந்தவன். மகனின் கடதாசி சரிவர வேண்டும், கோயில் பித்தளையை மினுக்குகிறேன் என்று நானும் நேர்த்தி வைத்தேன். இங்கே கோயிலில் போய்க் கேட்டால் பாதர் விழுந்து விழுந்து சிரித்தார், அதற்கெல்லாம் ஆள் வைத்திருக்கிறார்களாம். நேர்த்தியைச் செய்யாமல் விட எனக்குத் துணிவில்லை. வேலை வீட்டில் தலைக்கு மேல் ஒரு பித்தளை கறுத்துப்போய்த் தொங்குகிறது, இதை மினுக்கினாலும் கடவுளுக்குக் கணக்குத்தான் என்று என் மொக்கு மூளை சொன்னது. ஒரு காலை ஏணி வைத்துக் குடையைக் கழற்றினேன். பல்லரோவில் வாங்கிய பழப்புளியைக் கரைத்து, சாம்பல் இல்லாததால் உப்பைப் போட்டு, குசினித் தொட்டியில் வைத்து இரண்டு மணித்தியாலம் தேய்த்தேன். கறுப்பு இலேசில் போகவில்லை. விளிம்பின் உட்பக்கம் ஏதோ கீறல் எழுத்துக்கள் இருந்தன, அதையும் விடாமல் தேய்த்தேன். பொன் மாதிரி வந்தது. திரும்ப மாட்டிவிட்டுக் கீழே நின்று பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது, அவ்வளவு சந்தோசம். உன் பெயரைச் சொல்லிச் சிலுவை அடையாளம் போட்டேன்.

அன்று மத்தியானம் சுகந்தி வந்தாள், இரண்டு பேருமாகக் கிழவரைத் தள்ளிக்கொண்டு வந்து மேசையில் விட்டோம். நான் சுவிட்சைப் போட்டேன். கிழவர் உடனே கையைத் தூக்கி முகத்தை மறைத்தார். "ஐயோ அக்கா, ஆர் இதை இப்பிடிச் செய்தது?" என்று சுகந்தி வாயில் அடித்துக்கொண்டாள். பின்னேரங்களில் அவர் அவளுக்குக் குழறிக் குழறி எல்லாம் சொல்லியிருக்கிறார், அவளும் பொறுமையாக இருந்து கேட்டிருக்கிறாள். "அந்தக் கறுப்பு அவர் நெருப்பிலை வாட்டி வாட்டி ஏத்தினது அக்கா. சின்னனிலை குண்டு போட்ட நேரம் இவரின்ரை அம்மா விளக்கைக் கறுப்புக் கடதாசியாலை சுத்தி வைச்சவவாம். வெளிச்சம் சோத்துக் கோப்பையிலை மட்டும் விழுமாம், ஆரின்ரை முகமும் தெரியாதாம். பயந்த முகத்தைப் பாக்காமல் சாப்பிட்டவையாம். அந்த வெளிச்சத்தைத்தான் திரும்பச் செய்து பாத்தவராம். நாங்களும் பங்கருக்குள்ளை விளக்குக்குச் சிரட்டை கவிட்டு வைச்சுத்தானே சாப்பிட்டனாங்கள்." நான்தான் என்று சொல்ல ஒரு மூச்சு நேரம் போதும். நான் சொன்னது, "சன்னல் துடைக்க வந்த ஆக்கள் செய்துபோட்டினமாக்கும்." சுகந்தி அதை அப்படியே நம்பினாள். கிழவர் கையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். குசினிக்குப் பக்கத்து அறையில் படுத்திருந்து இரண்டு மணித்தியாலமும் தேய்க்கிற சத்தத்தைக் கேட்டவர். அவர் சுகந்திக்குக்கூடச் சொல்லவில்லை, அவளைத் தவிர வேறு யாருக்கும் சொன்னாலும் விளங்கியிராது. அவர் பேச்சுக் குழறியது எனக்கு வசதியாகப் போய்விட்டது, இதையும் எழுதத்தான் வேண்டும். அன்றிலிருந்து அவர் அந்த மேசைக்கு வரவில்லை, குசினியில் வைத்துத்தான் சாப்பாடு தீத்தினோம். அடுத்த கோடையில் செத்துப்போனார்.

தை மாதம் சினியோரா வந்தாள். சுகந்தியின் ஒப்பந்தத்தைப் பையில் கொண்டுவந்திருந்தாள், நான் கண்ணால் கண்டேன். கூடவே பழைய சாமான்களை மதிப்பிடுகிற ஒரு மனிதனையும் கூட்டி வந்தாள், விளக்கை ஒரு கண்காட்சிக்குக் கொடுக்க ஏற்பாடாம். அவன் விளிம்பைத் தடவிப் பார்த்தான். கிழவர் ஊசியால் கீறிய கையெழுத்து அங்கே இருந்திருக்க வேண்டும். இல்லை. விளக்குச் செத்துப்போனது என்று கையை விரித்துவிட்டுப் போய்விட்டான். சினியோரா குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினாள், முகம் வெள்ளை. யார் என்று கேட்டாள். சுகந்தி தன் அரைகுறை இத்தாலியனில் முந்திக்கொண்டு சொன்னாள், மார்கழியில் சன்னல் துடைக்க வந்தவர்கள் என்று. சன்னல்காரர்கள் ஐப்பசியிலேயே வந்து போய்விட்டார்கள், அவர்களுக்குக் காசு அனுப்பியவளே சினியோராதான். பொய் சொல்கிறாய் என்று சுகந்தியின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினாள். சுகந்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அக்காவைக் கேளுங்கோ, அக்காவுக்குத் தெரியும்" என்று தமிழிலும் இத்தாலியனிலுமாக என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சினியோரா என் பக்கம் திரும்பினாள். எனக்குக் கண்ணுக்குள் நின்றது உன் மனு. வேலை போனால் ஒப்பந்தம் போகும், ஒப்பந்தம் போனால் நீ மன்னாரிலேயே நிற்பாய். "நோன் லோ சோ" என்றேன். எனக்குத் தெரியாது என்று மூன்றே சொல். என் பொய்யைத் தன் வாயால் சொல்லி அவள் மாட்டிக்கொண்டாள், நான் அவள் கைப்பிடியை மெல்லக் கழற்றிவிட்டேன்.

அன்றே சினியோரா சுகந்தியை வேலையால் நிறுத்தினாள். ஒப்பந்தம் வந்த பையிலேயே திரும்பிப் போனது. யுத்தத்துக்குள் இருந்து வந்த சனத்துக்குச் சாமான்களின் அருமை தெரியாது என்று சினியோரா என்னிடம் சொன்னாள், நான் தலையாட்டினேன். உண்மையில் அந்த விளக்கு என்னவென்று தெரிந்திருந்த ஒரே வேலைக்காரி சுகந்திதான். விளக்கைப் பார்க்கவே பிடிக்கவில்லை, நீ கொண்டு போ என்று சினியோரா மிலானுக்குப் போகமுதல் என்னிடம் தந்தாள், நேர்மையான ஆளாம் நான். மாசி முழுக்கச் சுகந்தி வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒப்பந்தம் எழுத ஒருவரும் வரவில்லை. பங்குனியில் நீ வந்து இறங்கினாய். முதல் நாள் மேசையில் இருந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "அம்மா, தங்க விளக்கு" என்றாய். நான் உனக்கு மீன் குழம்பு ஊற்றினேன்.

நீ எல்லா விருந்துகளிலும் ஒரு கதை சொல்வாய், இத்தாலிக்கு வந்து ஒரு மாதத்துக்குள் அம்மா குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் வைத்து என்னை அறைந்தா என்று. சனம் சிரிக்கும், நானும் சிரிப்பேன். உன் பெர்மெஸ்ஸோவுக்கு, இங்கே தங்குகிற அனுமதிக்கு, கைரேகை கொடுக்க வரிசையில் நின்றோம். முன்னால் ஒரு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சுகந்தி நின்று கடதாசிகளைக் காட்டிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்தவன் இல்லை இல்லை என்று தலையாட்டினான். அவள் திரும்பி வந்து எங்களைக் கண்டு, உன் தலையைத் தடவி, "வந்திட்டியோ ராசா" என்று சொல்லிவிட்டுச் சுவரோடு சரிந்து இருந்து அழுதாள். "அம்மா, அந்த அன்ரி ஏன் அழுறா?" என்று நீ கேட்டாய். கேட்ட வாயில்தான் அடித்தேன். என் அரைகுறை இத்தாலியனை நீ பகிடி பண்ணியதால் அடித்ததாக ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறாய். அது நான் பிறகு உனக்குச் சொல்லித்தந்த காரணம்.

சித்திரை போய்விட்டது. சுகந்தி ராகூசாப் பக்கம் பிளாஸ்திக் கூடாரங்களுக்குள் தக்காளி பிடுங்கப் போனாள். இரண்டு வருடம் கழித்து முதுகு முறிந்து திரும்பி வந்தபோது நான்தான் அறை பிடித்துக் கொடுத்தேன், படிக்கட்டுக் கழுவுகிற வேலை எடுத்துக் கொடுத்தேன், ஞாயிறுகளில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். நல்ல மனுசி என்று கோயிலில் எல்லோரும் சொன்னார்கள். நீ அவள் வைக்கிற நண்டுக் கறிக்காக ஞாயிறு எப்போது வரும் என்று கிடப்பாய். இந்த விளக்குக்குக் கீழே இருந்துதான் அவள் தின்றாள், மகன். அதை ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. நிரோஜாவைச் சுகந்தியின் தமையன் பத்தொன்பதில் ஒரு குடிகாரனுக்குக் கட்டிக்கொடுத்தான். அவள் அடிபட்டு, ஒரு பிள்ளையோடு அவனை விட்டுவிட்டு வந்து, இப்போது ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறாள். தாயோடு ஏழு வருடமாகக் கதையில்லை. ஒரு விளக்குக்காக வேலை போனதென்றால் எந்தப் பிள்ளை நம்பும்? தாய் இத்தாலியில் வேறொரு வாழ்க்கையைத் தேடிக்கொண்டு பிள்ளையைக் கைவிட்டாள் என்று நிரோஜாவுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், அவளும் சுகந்தியின் போன் இலக்கத்தையே அடைத்துவிட்டாள்.

இரண்டு வருடத்துக்கு முதல் நீ போனில் கறுப்பு விளக்கின் படத்தைக் காட்டி, "அம்மா, எங்கடை மட்டும் ஏன் மஞ்சள்?" என்று கேட்டாய். பழசாகி நிறம் போட்டுது என்றேன். விளக்குத் தொழில் செய்கிறவனிடம் அப்படி ஒரு பதில். நீ நம்பவில்லை, ஆனால் அம்மாவைக் குடையவில்லை. ஜெனிற்றாவோடும் அப்படி இருக்காதே, ராசா. அவள் சொல்வது பிழையாகப் பட்டால் கேள், சண்டை வந்தாலும் கேள். நீ ஏதாவது உடைத்தால் உடைத்த நேரத்திலேயே சொல்லிவிடு. நான் அந்த மத்தியானம் சொல்லியிருந்தால் எனக்குத் திட்டு விழுந்திருக்கும், மிஞ்சிப் போனால் வேலை போயிருக்கும். தை மாதம் அது ஒரு பிள்ளையின் வாழ்க்கையாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சுகந்தி வந்தாள். கலியாணத்தன்று கூறைச் சேலைத் தட்டு ஏந்தி வரச்சொல்லி நீ அவளைத்தானே கேட்டாய், எனக்கு இங்கே வேறு மாமி இல்லை என்று. அதற்கு வாங்கிய சேலையை மேசையில் விரித்து, "அக்கா, இந்த வயசிலை எனக்கு இந்தச் சிவப்பு எடுபடுமோ?" என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. சொன்னேன். புளி, உப்பு, சன்னல்காரர், எல்லாம். அவள் நெடுநேரம் சேலையின் மடிப்பைச் சரிபண்ணிக்கொண்டே இருந்தாள். "நான் உங்களைக் கேக்கச் சொன்னனான் எல்லோ அக்கா" என்றாள். ஓம் என்றேன். "நான் இவ்வளவு நாளும் நினைச்சன், அக்காவுக்கு உண்மையிலை தெரியாதாக்கும், பாவம், அவவும் பயந்துபோனா எண்டு." நான் காலில் விழப் போனேன். "எழும்புங்கோ. என்னட்டை ஒண்டும் கேக்காதேங்கோ. என்ரை பிள்ளைக்குச் சொல்லுங்கோ, அம்மா பொய் சொல்லேல்லை எண்டு. எனக்கு அதுதான் வேணும்." பாடமாக வைத்திருந்த நிரோஜாவின் இலக்கத்தை ஒவ்வொன்றாகச் சொன்னாள், நான் எழுதினேன். சேலையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். தட்டு ஏந்துவாளோ தெரியாது. வரச்சொல்லி நீ வற்புறுத்தாதே.

நேற்று அந்த இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். நிரோஜாவுக்குச் சாப்பாட்டு இடைவேளை, பின்னால் பெண்கள் கதைக்கிற சத்தம் கேட்டது. நான் யாரென்று சொன்னதும் வைக்கப் பார்த்தாள், "பிள்ளை, அந்த விளக்கைப் பழுதாக்கினது நான்" என்றேன். வைக்கவில்லை. முழுக்கக் கேட்டாள். "அப்ப அம்மா சொன்னது உண்மையோ?" என்றாள். உண்மை என்றேன். பின்னால் மணி அடித்தது, சனம் எழும்பிப் போகிற சத்தம், அவள் போகவில்லை. "உங்களுக்கும் ஒரு மகன் எண்டு அம்மா சொல்லுறவ. அவர் வந்திட்டாரோ?" ஓம் என்றேன். "எனக்குப் பதினெட்டு முடிஞ்ச அண்டைக்கு அவர் அங்கை நிண்டவரோ?" நான் பொய் சொல்லவில்லை, மகன். அன்று நீ போர்கோ வெக்கியோவில் பந்தடித்துவிட்டு வந்து, என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாய். ஓம் பிள்ளை, நிண்டவன் என்றேன். அவள் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. "அவரின்ரை நம்பரைத் தாங்கோ, அவரோடை ஒருக்காக் கதைக்கோணும்" என்றாள்.

கொடுத்துவிட்டேன். கலியாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, எப்போது போன் எடுப்பாள் என்று சொல்லவில்லை. ஏணியில் நின்றாலும், கோயில் வாசலில் மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றாலும், அவள் எடுத்தால் நீ எடு.

அம்மா